தூணில் ஒட்டிய பழமொழிகள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். வியாழக்கிழமை காலை பதினொரு மணி நிலவரம் இது. உன் இருமல் நின்றதா, அந்த ஈரச் சுவர் அறையை மாற்றினாயா என்று எழுது. என் முழங்காலுக்குப் புது மாத்திரை, பரவாயில்லை. சித்தி வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு இப்போது லத்தீன், ஸ்பானிஷ் பழமொழிப் பைத்தியம். முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர், குளிக்கும்போது ஸ்பானிஷ் முணுமுணுக்கிறார். இரண்டாம் மாடி மொழிபெயர்ப்பாளர் அம்மாள், சனிக்கிழமை நாலு மணிக்கு நம் கட்டடத்தின் கீழ்த்தள அறையில் விளையாட்டு நடத்துகிறார். அந்த மொழிப் பழமொழி ஒன்றைச் சொல் சொல்லாக வெட்டி அட்டைகளைக் கலைத்துப் போடுவார், இரண்டு அணிகளும் அடுக்க வேண்டும், பிறகு அதற்கு ஈடாகத் தமிழில் ஒன்று சொன்னால்தான் முழுப் புள்ளி. ஆறு சத்தம் போட்டால் அதில் தண்ணீர் ஓடுகிறது என்ற ஸ்பானிஷ் பழமொழிக்கு, நெருப்பில்லாமல் புகையாது என்று சொல்லி அப்பா ஜெயித்தார். எதிர் அணியிலிருக்கும் எலக்ட்ரீஷியன், வீட்டுல தினமும் புகையுதுல்ல, அனுபவம் பேசுது என்றார், நானும் சிரித்தேன். ஜெயித்த பழமொழியைப் பெரிய தாளில் எழுதி, ஜெயித்தவர் நடுத் தூணில் பசை தடவி ஒட்ட வேண்டும். பதினொரு வாரத்தில் தூணின் நாலு பக்கமும் தாள்தான். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. ஆறாவது வாரம் ஒரு தாள் குறுக்கே கிழிந்திருந்தது. தோற்ற அணியின் வேலை என்றார்கள், பிறகு கீழ்வீட்டுப் பூனை என்றார்கள். புதிதாக ஒட்டினார்கள், அதுவும் கிழிந்தது. எலக்ட்ரீஷியன் மேல் பழி விழுந்து, அவர் இரண்டு வாரம் விளையாடவே வரவில்லை. நான் ஒருநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன். நாலு தாளிலும் கிழிசல் ஒரே கோடு. ஒரு தாளில் நின்ற இடத்தில் அடுத்த தாளில் தொடங்கி, தூணைச் சரிவாகச் சுற்றிப் போகிறது. பூனை அப்படிக் கிழிக்காது, மனிதனும் கிழிக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கோட்டின் மேல் ஒரு துண்டுச் செய்தித்தாளை ஒட்டித் தேதி எழுதி வைத்தேன். நேற்று, புதன்கிழமை, அது இரண்டாகியிருந்தது. என் பழைய பத்திரிகை அடையாள அட்டையைத் தூணின் விரிசலில் விட்டுப் பார்த்தேன், என் போட்டோ இருக்கும் இடம்வரை உள்ளே போனது.

நேற்றே குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் சொன்னேன். அவர், மூடின வாயில ஈ நுழையாதுன்னு போன வாரம்தானேம்மா படிச்சோம், ஸ்பானிஷ்காரன் உங்களுக்காகவே சொல்லி வெச்சிருக்கான் என்றார். கட்டட அலுவலகத்தில் மனு கொடுத்தேன், ரசீது தந்தார்கள், அடுத்த மாதம் ஆள் வருமாம். ஐந்து மாடியும் ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொன்னேன், மொழிபெயர்ப்பாளர் அம்மாள் மட்டும் வந்து பார்த்துவிட்டு அன்றைக்கே பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போனார். அவர் இல்லாவிட்டால் என்ன, நான் நடத்துகிறேன் என்று அப்பா கிளம்பிவிட்டார். வருகிற சனிக்கிழமை இறுதிப் போட்டி, நாற்பது பேர் அந்தத் தூணைச் சுற்றி உட்காருவார்கள். அஞ்சு மாடி அசையாம நிக்குது, உனக்குப் பேப்பர் கிழிஞ்சா போதும், ரிட்டயர் ஆகியும் செய்தி தேடுற என்கிறார் அப்பா. போனில் சொன்னபோது நீயும் அதையேதான் சொன்னாய், சிரிப்போடு. கோபமில்லை. முதல் வாரம் அப்பா ஒட்டிய லத்தீன், சொன்னது பறக்கும் எழுதியது நிற்கும் என்பது. அதனால்தான் போனை விட்டு எழுதுகிறேன், கிழமையும் மணியும் போட்டு.

இன்று காலை பெருக்க வேண்டும் என்று சொல்லிச் செயலாளரிடம் அந்த அறைச் சாவியை வாங்கினேன், அப்பாவின் சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. அறையைப் பூட்டப் போனால் கதவு நிலைக்குள் அடங்கவில்லை. தோளால் தூக்கிக் கொடுத்தபின்தான் பூட்டு விழுந்தது. போன சனிக்கிழமை அதே கதவை ஒரு விரலால் சாத்தினேன். உள்ளே பொடிப்பொடியாக ஏதோ உதிரும் சத்தம் கேட்டது, கொஞ்சம் நின்று கேட்டேன், பிறகு மேலே வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

கவர் ஏன் கனக்கிறது என்று தபால்காரர் கேட்டிருப்பார். இரண்டு சாவியும் இதில்தான் இருக்கின்றன. இது உன் கைக்கு வர ஒன்பது நாளாகும், அதற்குள் சனிக்கிழமை போயிருக்கும். பூட்டை உடைத்தார்களா இல்லையா என்பது இதைப் படிக்கும்போது உனக்குத் தெரிந்திருக்கும், எழுதும்போது எனக்குத் தெரியவில்லை. சாவியைத் திருடியதற்கு அப்பா என்னோடு பேசாமல் இருப்பார், இருக்கட்டும். பேசாமலாவது சித்தி வீட்டு மாடியில் இருக்கட்டும், நான் சொன்னால் வரமாட்டார், நீ சொன்னால் வருவார். அவர் வராமல் நானும் போகப் போவதில்லை.

நோய் நொடியில்லாமல், நிலையான கூரையின் கீழ் நீ நீண்ட நாள் வாழ வேண்டும். வெந்நீர் குடி. அப்பா போன் செய்து சாவியைக் கேட்டால் கொடுக்காதே, முதலில் எங்கே நின்று பேசுகிறார் என்று கேள்.

இப்படிக்கு,
நான்காம் மாடியிலிருந்து,
உன் அம்மா