பைபர் வேலை

08.07.2024, திங்கள்

ஆய்வுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சொந்தக் கதை எழுதுவது பிழைதான். ஆய்வை மேற்பார்க்கும் தயாளினி மிஸ் கண்டால் மன்னிக்கட்டும். இன்றைக்கு நடந்ததை யாருக்காவது சொல்லவேண்டும், எனக்கோ வாய் வராது.

தலைமயிரை விடக் கொஞ்சம் மொத்தமான ஒளியிழை, ஒப்டிக்கல் பைபர். விரல் நீளத்துக்கு மேலுறையை உரித்து, மெல்லிய சிலிக்கோன் பூசினேன். உள்ளே ஒளி ஓடும். ஆவி பட்டால் பூச்சு ஊறும், ஒளி குறையும். பெயின்ற் கரைக்கும் தின்னர் போத்தலைத் திறந்தேன் – திரையில் ஒளியளவைக் காட்டும் கோடு சறுக்கி விழுந்தது! மூடினேன், ஏறியது. பதினொரு தரம்! மத்தியானம் சாப்பிட மறந்துபோனேன்.

10.07, புதன்

அப்பா போனில்: "பைபர் வேலையாமே பிள்ளை! வடிவாச் செய்." முல்லைத்தீவுக் கரையில் பைபர் என்றால் படகு. உடைந்த படகுகளுக்குப் பிசின் பூசி ஒட்டுவது அவர் தொழில். நானும் அதைத்தான் படிக்கிறேன் என்று நினைக்கிறார். திருத்தவில்லை.

20.07, சனி

வீட்டுக்கு வந்தேன். வாசல் படலையடியில், கடலுக்குப் போகும் அனிஸ்ரன் அண்ணா மறித்தார். "தங்கச்சி, என்ர போட்டின்ர முன்பக்க அணியம் வெடிச்சுப்போச்சு. உன்ர அப்பர் ஒட்ட நாலு நாள் எண்டுறார். உங்கட வீட்டில முதல் டிகிரிக்காரி நீ, ரெண்டு நாளில முடிப்பியோ?" சிரித்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

அப்பா படகு ஒட்டும் கொட்டிலுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். சோளகக் காற்று ஈரப் பிசினில் மண்ணை ஒட்டிவிடும் என்று கதவைச் சாத்தியிருந்தார். ஒரு நிமிடத்தில் என் கண் எரிந்தது. "மணம் தாங்கேலாது அப்பா," என்றேன்.

"என்ன மணம்? எனக்கு ஒண்டும் மணக்கேல்லையே."

பின்னேரங்களில் அப்பாவுக்குத் தலையிடி. வெயிலாலாம். வெயிலா? மூக்கு மரத்துப்போச்சா? பிசினிலிருந்து வருவதும் ஆவிதானே – கடவுளே, எனக்கு ஏன் இவ்வளவு நாளும் இது –

22.07, திங்கள்

ஒளியிழைக் கருவியை அப்பாவின் கொட்டிலுக்குக் கொண்டுபோகலாமா என்று மிஸ்ஸிடம் நானாகவே போய்க் கேட்டேன்! "கொண்டுபோம், ஆன்சலா. முதல் இங்க பிசினோட சோதிச்சுப் பாரும்."

29.07, திங்கள்

பிசின் ஆவிக்குக் கோடு தின்னரை விட ஆழமாக விழுகிறது!!

03.08, சனி

சோற்றுப் பெட்டியளவு கருவி. பரந்தனிலிருந்து பஸ்ஸில் மடியை விட்டு இறக்கவில்லை.

"இந்த நூலோ பிள்ளை உன்ர பைபர்?" அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

கொட்டிலுக்குள் பிடித்தேன். கோடு விழுந்தது. "பழுதாப்போச்சு போல," என்றார். வெளியே கொண்டுபோனேன், ஏறியது. கருவியைப் பறித்து, தானே மூன்று தரம் உள்ளேயும் வெளியேயும் நடந்தார். பிறகு குனிந்து பிசின் பூசும் இடத்தில், தன் முகத்தடியில் பிடித்தார். கோடு அடிமட்டத்துக்குப் போய் அங்கேயே கிடந்தது.

சிரிப்பு நின்றது. "இவ்வளவும் உள்ளுக்கோ போகுது?"

இரண்டு கிழமையாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டேன்:

"பூசுற நேரம் கதவைத் திறந்து வையுங்கோ அப்பா. மண் ஒட்டினா நான் வந்து தேய்ச்சுத் தாறன்."