பேனர் அடிக்குமுன்

அன்புள்ள வாசு அண்ணனுக்கு,

அன்பரசி எழுதுகிறேன். ஜப்பானில் குளிர் தொடங்கிவிட்டது, நான் நலம். அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், அப்பா பக்கத்திலேயே இருப்பார். அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

நீ அனுப்பிய பேனர் மாதிரியைப் பார்த்தேன். 'கரும்பொருளைக் கண்டுபிடித்த ஈஜோக் மகள்' என்று நம் ஊர்ப் பெயரும் என் படமுமாக இருக்கிறது. அண்ணா, நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

உன் பாமாயில் மில்லில் லோரி கொண்டுவந்த எடையும் இறக்கிய எடையும் ஒத்துப்போகாவிட்டால், நடுவில் ஏதோ போயிருக்கிறது என்பாய். எங்கள் வேலையும் அப்படித்தான். எலெக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிடுகிறோம். உள்ளே போன ஆற்றல் எவ்வளவு என்று தெரியும். ஒரே ஓர் ஒளித்துகள் மட்டும் வெளியே வந்து மீதி காணாமல் போனால், அதைக் கண்ணுக்கும் கருவிக்கும் தெரியாத கரும்பொருள் துகள் கொண்டுபோயிருக்கலாம். போன மாதம் அப்படிப்பட்ட மோதல்கள் வழக்கத்தைவிட அதிகம் தெரிந்தன. ஏதோ தெரிகிறது, இன்னும் சரிபார்க்க வேண்டும் என்றுதான் அப்பாவிடம் சொன்னேன். சரிபார்த்தோம். கருவியில் உள்ள ஓர் இடுக்கு வழியாக இன்னோர் ஒளித்துகள் பதிவாகாமல் நழுவியிருக்கிறது; காணாமல் போன ஆற்றல் அதோடு போனதுதான். அவ்வளவுதான்.

பேராசிரியருக்கு வருத்தமே இல்லை. நாம் தேடிய இடத்தில் அது இல்லை என்பதும் ஒரு முடிவுதானாம், கட்டுரை எழுதச் சொல்கிறார். எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இல்லை என்று சொல்லவா இத்தனை வருடம்? காலையில் அது பெரிய வேலையாகத் தெரிகிறது, மாலையில் அழுகை வருகிறது.

அம்மா வாய்ஸ் அனுப்பியிருந்தார். "உங்கப்பா கோயில் கூட்டத்துல மைக்க விடவே இல்லலா! கோயில் தலைவரே அவருகிட்ட, 'ஐயாவு, போதும் உக்காருங்க'ன்னு கெஞ்சுனாரு" என்று ஒரே சிரிப்பு. நான் ஜப்பான் கிளம்பியபோது, பொம்பளப் புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்பி என்னாத்த தேடப் போறீங்க என்று கேட்ட அதே தலைவர். அதன் பிறகு அப்பா இப்போதுதான் கோயில் பக்கம் போயிருக்கிறார். அவரை மறுபடியும் அங்கே தலைகுனிய வைப்பதா? இல்லை, பேனர் கட்டும் கோயில் திருவிழாவில் அவர்கள் போடும் மாலையை வாங்கிக்கொண்டு நான் வாயை மூடி நிற்பதா?

பேனரை அடிக்க வேண்டாம். அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. இல்லை, நீ சொல்லாதே, நான் வந்து சொல்கிறேன்.

சனிக்கிழமை நான் வந்திறங்கும்போது விமான நிலையத்துக்கு வேன் பிடித்து எல்லோரும் வராதீர்கள். அப்பா மட்டும் வரட்டும். கார் ஓட்டும்போது அவர் என் பக்கம் திரும்பமாட்டார். அப்போதுதான் என்னால் சொல்ல முடியும். கேட்ட பிறகும் அவர் வழியில் எப்போதும்போல் டீக்கடையில் தே தாரிக் குடிக்க வண்டியை நிறுத்தினால் போதும், அண்ணா.

உன் தங்கை,
அன்பரசி