கட்டைப்பையில் போட்டு வைத்த சிமிழ்கள்

இன்று காலை லிஃப்டில் எங்கள் இரண்டாம் மாடிப் பெண் கைப்பையைத் திறந்து, ஒரு சின்ன மரச் சிமிழிலிருந்து மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். சிமிழின் மூடியில் ஒரு கிளி. அலகு லேசாக உடைந்த கிளி. உன்னிடம் இருந்த கிளி மாதிரியே இருந்தது.

"நன்னாருக்கே, இது ஏது?" என்றேன்.

"என்ன மாமி இப்படிக் கேக்கறேள்? உங்காத்துக் கொலுல வெத்தலை பாக்கோட குடுத்ததுதானே?"

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, நீ போனபின் உன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சிமிழ்ப் பையை லாஃப்டிலிருந்து இறக்கினேன். அடியில் நாலைந்து பித்தளைச் சிமிழ்கள் மட்டும் உருண்டுகொண்டிருந்தன. மற்றவையெல்லாம் போய்விட்டன.

மருமகளைக் கேட்டேன். அவள் பாவம், பயந்துவிட்டாள். "அன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தியாயிடுத்தேம்மா. நம்ம பை காலியாயிடுத்து. பக்கத்துலயே இன்னொரு பை நெறய சிமிழ் இருந்துது. அதுவும் நீங்க ரங்கநாதன் தெருவுல வாங்கினதுதான்னு நெனச்சேன்." அவள்மேல் என்ன தப்பு? உன் சேகரிப்பையும் மொத்த விலைக்கு வாங்கிய சாமானையும் ஒரே மாதிரி கட்டைப்பையில், ஒரே லாஃப்டில், பக்கத்தில் பக்கத்தில் போட்டு வைத்தவள் நான்.

உன் அசோக் நகர் வீட்டில் அவை இருந்த இருப்பை நினைத்தால் மானம் போகிறது. டிவிக்குப் பக்கத்துச் சுவரில், சிமிழின் உயரத்துக்கு அளவெடுத்துத் தட்டுகள் போட்டு, பின்னால் கண்ணாடி ஒட்டி ஒரு ஷோகேஸ் செய்து வைத்திருந்தாய். ஞாயிற்றுக்கிழமை படம் வரையும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தூசி தட்டுவாய். மரச் சிமிழ்களின் மூடியை மட்டும் இறுக்க மாட்டாய். "காத்து போகணும்டி, இல்லேன்னா பூஞ்சை புடிச்சுக்கும்" என்பாய். எதிலும் குங்குமம் கிடையாது. கறை பிடிக்கும் என்பதால் மட்டும் இல்லை.

உனக்கு முப்பது வயதாகும் முன்பே உன் வீட்டுக்காரர் போய்விட்டார். கல்யாணச் சீரில் வந்த வெள்ளிச் சிமிழை உன் மாமியார் எடுத்து உள்ளே வைக்கப் போனபோது, நீ கையை நீட்டி வாங்கிக்கொண்டாயாம். அதுதான் முதல் சிமிழ். நாம் வேலை பார்த்த தேனாம்பேட்டை ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இதை நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். "குங்குமம்தான் வேணாம்னாங்க. டப்பா வேணாம்னு யாரும் சொல்லலையே." எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு மாட வீதிக் கடைகளில் புதுச் சிமிழ் எது வந்தாலும் உனக்காக நான்தான் முதலில் போய்ப் பார்ப்பேன்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பையனுக்கு இதெல்லாம் புரியாதுடி. நீ எடுத்துக்கோ. பரண்ல மட்டும் போட்டுடாத, கண்ணாடிக்குள்ள வை" என்றாய். சரி என்றேன். தச்சரைக் கூப்பிட வேண்டும், கொலு முடியட்டும், தீபாவளி போகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். எங்கே வைக்காதே என்றாயோ அங்கேயேதான் வைத்திருந்தேன்.

"வீடு வீடாப் போய்க் கேட்டு வாங்கிண்டு வந்துடட்டுமாம்மா?" என்றாள் மருமகள். வெற்றிலை பாக்கோடு கொடுத்ததை எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது? அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கேட்கவே வேண்டாம். அவை யாருடையவை, அவளுக்குப் புருஷன் இல்லை என்று இரண்டு பேர் காதில் போட்டால் போதும். பாதிச் சிமிழ்கள் சாயங்காலத்துக்குள் தாமாகவே வந்து சேர்ந்துவிடும்.

நான் அதைச் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். ஆனால் அந்த யோசனை எனக்குத்தான் வந்தது. யாரும் சொல்லித்தரவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று உட்கார்ந்து யோசித்தபோது கூசிப்போனேன்.

வருஷா வருஷம் கொலுவுக்கு எல்லோரையும் சாயங்காலம் கூப்பிடுவேன். உன்னை மட்டும் மத்தியானம். "கூட்டம் இருக்காது, நிம்மதியாப் பார்க்கலாம்" என்பேன். நீ வருவாய். பொம்மைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கொடுப்பாய், சுண்டல் சாப்பிடுவாய், மற்ற பெண்கள் வர ஆரம்பிக்கும் முன்பே கிளம்பிவிடுவாய். உன்னிடம் குங்குமத்தை நீட்டாமல் தப்பிக்க நான் கண்டுபிடித்த வழி அது என்று உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு வருஷமும் நீ கேட்கவில்லை. என் வீட்டுக்கு வந்த எத்தனையோ பேர் கையில் உன் சிமிழைக் கொடுத்தாயிற்று. உன் கையில் நான் ஒரு வெற்றிலைகூட வைத்ததில்லை.

ஒரு தடவையாவது ஆறு மணிக்கு வாடி என்று சொல்லியிருக்கலாம். என் வீட்டுக் கொலு. யார் தடுத்திருக்கப் போகிறார்கள்?