மூன்றாம் பக்கத்தின் பதினைந்து வரிகள்

பீடோங்
21 ஆகஸ்டு 1988

அன்பு மகள் கேதரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் இந்த வீட்டில் எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், எனக்கு முழங்கால் வலி ஒன்றைத் தவிர வேறு புகார் இல்லை, நீயும் அந்த லீட்ஸ் மழையில் காலுறை நனையாமல், வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல், உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன்.

வேறு எதையும் சொல்வதற்கு முன் ஒன்றைத் திருத்த வேண்டும். அம்மா லாட்டரிக்கு நாலு இலக்க நம்பர் சொல்கிறார்கள், ஊரே வந்து கேட்கிறது என்று உன் அண்ணி ரோசம்மா உனக்கு எழுதியிருக்கிறாளாம், எழுதியதை அவளே வெட்கமில்லாமல் என்னிடம் சொன்னாள். நான் யாருக்கும் நம்பர் சொல்லவில்லை. என் அறுபத்தெட்டு வயதில் ஒரு தடவைகூட அந்த லாட்டரிக் கடையின் படியை மிதித்ததில்லை, உன் அப்பாவையும் மிதிக்க விட்டதில்லை. ஆனால் இன்றைக்கு பீடோங் மார்க்கெட்டில் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டிரெசர் பெர்னார்டின் மனைவி என்றால் நம்பர் பாட்டி என்று அர்த்தமாகிவிட்டது. போன மாதம் பாடாங் செராயிலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்து, தேங்காய் பழத் தட்டோடு நம் கேட்டில் நின்றது. அதில் ஒரு பெண் என் காலைத் தொடக் குனிந்தாள். கன்னியாஸ்திரிகளிடம் பதினோரு வருஷம் படித்தவள் நான், எனக்குத் தெரிந்த எண்ணெல்லாம் வாய்ப்பாடுதான், போய்விட்டு வாருங்கள் என்றேன். அதற்கு அவள், "அப்ப பதினாறாம் வாய்ப்பாட்டுலேர்ந்தே ஒன்னு சொல்லுங்கம்மா" என்றாள். கோவிலில் பூசை முடிந்ததும் பாதர் என்னைத் தனியாக அழைத்து, ஏதோ கேள்விப்பட்டேனே மிஸஸ் பெர்னார்ட் என்று மெதுவாகக் கேட்டார். தனியாக என்றால் நாற்பது பேர் பார்க்கும்படி. இருபத்தாறு வருஷம் அந்தப் பீடத்துக்குத் துணி வெளுத்துக் கொடுத்தவளுக்கு இந்தக் கேள்வி.

நடந்தது இதுதான். நான் எழுதி வைத்திருந்தது உன் விளையாட்டை. நீ செய்த அந்த ரப்பர் தோட்டத்துப் பால்மர வீடியோ கேம், அதன் ஒவ்வொரு வரியையும். அந்த நோட்டில் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமாக இருந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பாப்பம்மா அது மந்திரம் என்றாள், அவள் புருஷன் அது நம்பர் கணக்கு என்றான். இருவரில் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

போன கிறிஸ்மஸ் சமயம் நீ போனில் உன் அண்ணன் ஜூலியஸிடம் சொன்னாயாம், "அம்மாவ அத விட்டுடச் சொல்லுங்கண்ணே, அந்தக் கம்ப்யூட்டர் செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல" என்று. எனக்கு அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. அதை எதற்காகச் செய்தாய் என்பது உனக்கே மறந்துவிட்டதோ என்று தோன்றுகிறது, ஆகவே ஞாபகப்படுத்துகிறேன். உன் தம்பி டெஸ்மண்ட் செமிலிங் ரோட்டில் மோட்டார் சைக்கிளோடு லாரியில் மாட்டியது எண்பத்திரண்டு நவம்பரில். வலது கை போயிற்று, இடது கையில் இரண்டு விரல்தான் மிஞ்சியது, அதுவும் சொன்ன பேச்சைக் கேட்காது. ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை அவன் சுவரில் எறிந்தான். நீ பரீட்சை முடிந்து வீட்டில் இருந்தாய். அந்தச் சின்னக் கம்ப்யூட்டரைப் பினாங்கில் வாங்கி வந்து, நம் கறுப்பு வெள்ளை டிவியில் மாட்டி, இரண்டே பொத்தானில் விளையாடுகிற மாதிரி ஒன்றைச் செய்தாய். ஒன்றை அழுத்தினால் வெட்டுக்காரன் அடுத்த மரத்துக்குப் போவான், இன்னொன்றை அழுத்தினால் மரத்தில் கட்டின மங்குக் கிண்ணத்திலிருக்கும் பாலை வாளியில் ஊற்றுவான், மழை இறங்குவதற்குள் நிரையை முடிக்க வேண்டும். டெஸ்மண்டின் விரல் பொத்தானில் போய் அழுந்த எவ்வளவு நேரமாகிறது என்று உன் அப்பா நாடி பார்க்கிற கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் அளந்தார். நீ எண்ணை ஏற்றி இறக்கிப் பார்த்துக் கடைசியில் 2640 என்று வைத்தாய். கம்ப்யூட்டர் தனக்குள் அவ்வளவு எண்ணி முடிக்கும் வரை உன் தம்பியின் விரலுக்காகக் காத்திருக்கும். அவனுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தது அந்த நாட்களில் அது ஒன்றுதான், என்னையும் சேர்த்துச் சொல்கிறேன். ஐந்து வருஷமாக மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் அவன் அதில் உட்காருவான். உன் அப்பா அடக்கத்தன்று மட்டும் உட்காரவில்லை. போன வருஷம் கரண்டி பிடித்துத் தானே சாப்பிட ஆரம்பித்தான் என்று எழுதினேனே, அது எந்த டாக்டர் கொடுத்த மருந்து என்று நினைத்தாய்?

இப்போது உலகம் என்ன செய்கிறது பார். ஜூலியஸ் கலர் டிவி வாங்கி வந்தான், நல்லது, செய்தி பார்க்கலாம். அதில் உன் கம்ப்யூட்டரை மாட்டினால் படம் பாம்பாக நெளிகிறது. பழைய டிவியை இரும்புக்காரனுக்குப் போடப் போனான், நான் குறுக்கே நின்று என் அறைக்குக் கொண்டுவரச் செய்தேன். இதைத்தான் ரோசம்மா, அத்தை ஓட்டை டிவிக்குப் போர்வை போர்த்தித் தூங்க வைக்கிறார்கள் என்று சொல்லிச் சிரிக்கிறாள். தூசு படாமல் மூடுவதற்குப் பெயர் தூங்க வைப்பதாம். உன் விளையாட்டைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுகிற டேப் ரெக்கார்டரின் வார் தளர்ந்தபோது அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி சுங்கை பட்டாணி போனேன். கடைக்காரச் சீனர் மூடியைக்கூடத் திறக்கவில்லை, "அன்ட்டி, இனி பாராங் லாமா, புவாங் சாஜா லா" என்று தூக்கிப் போடச் சொல்லிவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பழைய சாமான் என்றால் நானும் பழைய சாமான்தான், என்னையும் போட்டுவிடலாமா என்று அவருடைய மலாயிலேயே கேட்டேன், அதற்குப் பிறகு வார் கிடைத்தது. ஜூலியஸ் மனசு கேட்காமல் ஒரு புது டிவி கேம் வாங்கிக் கொடுத்தான், அவன் அன்பைக் குறை சொல்லவில்லை. கலர் என்ன, பாட்டு என்ன. ஆனால் அதை இரண்டு கையாலும் பிடித்து இரண்டு கட்டை விரலாலும் அழுத்த வேண்டும். டெஸ்மண்ட் அதை மடியில் வைத்து ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "இது ரெண்டு கை உள்ளவங்களுக்குண்ணே" என்று திருப்பிக் கொடுத்தான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிற பையனிடம் நம்முடைய சாமானைக் காட்டினேன், இது பேசுகிற பாஷை வேறு, எனக்குத் தெரியாது, இப்போது யாருக்கும் தெரியாது என்றான். ஐந்து வருஷத்துப் பாஷை. சிஸ்டர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த இலத்தீன் செபங்களின் வயதைக் கேட்டால் அந்தப் பையன் என்ன சொல்வானோ.

ஆகவே இந்தத் தவக்காலத்தில் நானே ஒரு முடிவு செய்தேன். டேப் தேய்கிறது, பெட்டி சூடாகிறது, இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. தாளில் எழுதியதைப் படிக்க எந்தப் பெட்டியும் வேண்டாம். நீ சொல்லிக்கொடுத்தபடி வரிகளைத் திரையில் வரவழைத்துப் பென்சிலில் எழுதிக்கொண்டேன், இப்போதெல்லாம் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால் பெட்டி சூடேறி எல்லாவற்றையும் மறந்துவிடும், அணைத்து ஆறவிட்டு மறுநாள் மீண்டும். முந்நூறு வரி, 10, 20 என்று பத்துப் பத்தாக 3000 வரை நீ நம்பர் போட்டது. பிறகு கான்வெண்டில் செய்வது போல ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மையில், பக்கத்துக்குப் பதினைந்து வரி, மை ஊறும் என்று தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், திருத்தல் இல்லாமல் நல்ல பிரதி எடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் டெஸ்மண்டின் எண்ணைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன். உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தின நாள் முடித்து, டெஸ்மண்ட் திரையைப் பார்த்துப் படிக்க நான் நோட்டைச் சரிபார்த்தேன், ஒரு பிழையும் இல்லை. நல்ல பிரதி முடிந்தால் கரட்டுப் பிரதியை வைத்திருக்கக் கூடாது, சிஸ்டர்கள் அப்படித்தான் பழக்கினார்கள். பென்சில் தாள்களை அன்று சாயங்காலமே அடுப்பில் போட்டேன். இதை யார் சொல்லியும் நீ கேட்க வேண்டாம், நானே சொல்கிறேன், அது என் தவறு.

மே மாதம் கூரைத் தகரத்தின் வாய்க்கால் அடைத்துக்கொண்டது, சுத்தம் செய்ய பழனியாண்டி வந்தான், உனக்குத் தெரியும், உன் அப்பா கையால் எத்தனையோ தடவை தையல் போட்டுக்கொண்டவன். தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவன் மேசையில் நோட்டைப் புரட்டியிருக்கிறான். ஏற்கெனவே பாப்பம்மா வீட்டில் கதை கேட்டிருக்கிறான். மூன்றாம் பக்கத்தில் நான்கு இலக்கத்தில் இருந்தது ஒரே ஒரு எண், அதுவும் சிவப்புக் கோட்டோடு. வேறு என்ன வேண்டும்? பக்கத்தைக் கிழித்து மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு போய்விட்டான். எண்ணை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு போயிருக்கலாம், ஆனால் தாளோடு எடுத்தால்தான் பலிக்குமாம். பலித்தும் தொலைத்தது. அந்த வாரம் முதல் பரிசு 2640. அன்றிலிருந்து எனக்குக் கேட்டில் நிம்மதி இல்லை. அப்போதும் எனக்கு அவன் தாளை எடுத்தது தெரியாது, கம்பி கட்டின நோட்டு, ஒரு தாள் போனால் மற்றது அசையாது. ஜூலையில் டேப் ரெக்கார்டர் விளையாட்டு இருந்த ஒரே டேப்பைச் சுருட்டி மென்றுவிட்டது. டெஸ்மண்ட் முகம் போன போக்கைப் பார்த்து, அம்மா எதற்கு இருக்கிறேன் என்று பெருமையாக நோட்டை எடுத்தேன். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தால் முந்நூறாம் நம்பர் வரிக்கு அடுத்தது நானூற்று அறுபது.

பழனியாண்டியைக் கூப்பிட்டனுப்பினேன். தலையைக் குனிந்து நின்றுகொண்டு, "நம்பர் அடிச்சதும் அந்தத் தாள முனீஸ்வரன் காலடியில வச்சேம்மா, சூடத் தட்டுக்கு அடியில. நல்ல எடம்னுதான் வச்சேன்" என்றான். தட்டு சரிந்து தாள் பற்றிக்கொண்டது, முனியே எடுத்துக்கொண்டார் என்றான். முனீஸ்வரனுக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருக்கின்றன, அந்த வரிகள் அவருக்குத் தேவையில்லை, என் மகனுக்குத்தான் தேவை என்றேன். அவன் அழுதுவிட்டான். டெஸ்மண்ட் உள்ளிருந்து, "விடுங்கம்மா, அது என் வெரலோட நம்பர், பழனி அண்ணன்கிட்ட கமிஷன் மட்டும் கேட்டு வைங்க லா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மீதி இருநூற்று எண்பத்தைந்து வரியையும் தினம் அரை மணி நேரம் தட்டிப் புது டேப்பில் பதிந்து, பிழை பார்த்து, ஓட விட்டேன், மரமெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது, வெட்டுக்காரனும் வந்து நிற்கிறான், உடனே 310ஆம் வரியைக் காணோம் என்று எழுதிவிட்டுக் கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறது. பொத்தானைப் பார்க்கிற வரிகளும் காத்திருக்கிற வரிகளும் போன பக்கத்தில்தான் இருந்தன. ஆறு வாரமாகிறது. டெஸ்மண்ட் மதியம் சாப்பிட்டதும் பழக்கத்தில் என் அறைக்கு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறான். பரவாயில்லை என்கிறான். போன வியாழக்கிழமை கரண்டி நழுவி ரசம் மடியில் கொட்டியது, அதற்கும் பரவாயில்லை என்றான். நேற்று நானாக ஊட்டப் போனேன், வாயைத் திறந்தான். கரண்டி பிடிக்கப் பழகுவதற்கு முன்பு இருந்தது போல. அதனால்தான் இன்று பூசை முடிந்து வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. 310 முதல் 450 வரை, பதினைந்து வரி, உன் கையால் மையில் எழுதி அனுப்பு. ஞாபகமில்லை என்று சொல்லாதே, நீ எதையும் எறிகிற பிள்ளை இல்லை, உன் நீலக் கோப்பில் தேடு, இல்லாவிட்டால் உட்கார்ந்து மறுபடி யோசி, செய்தவளுக்கு அது வரும். சுழியத்தையும் ஓ எழுத்தையும் வித்தியாசம் தெரியும்படி எழுது. இன்னொரு தாளில், இந்தப் பெட்டி செத்துப்போனால் ஜூலியஸ் ஆபீசில் வந்திருக்கிற புதுக் கம்ப்யூட்டரில் இது ஓட எந்தெந்த வரியை எப்படி மாற்ற வேண்டும் என்று சிவப்பு மையில் எழுது, அதற்கு அடுத்த பெட்டி வரும்போது அதையும் பார்த்துக்கொள்ளலாம். வேறு பெட்டியில் 2640 அவன் விரலுக்குச் சரியாக வராது என்று நீ சொல்வாய், எனக்கும் தெரியும், உன் அப்பாவின் கடிகாரம் என்னிடம் ஓடுகிறது, எப்படி அளப்பது என்று மட்டும் எழுது. இந்தத் தடவை நான் மூன்று பிரதி எடுப்பேன், ஒன்றையும் எரிக்க மாட்டேன்.

ரோசம்மாவிடம் கோபமாக எதுவும் எழுதாதே, அவள் வாய்தான் அப்படி, முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பவள் அவள்தான். செபமாலையை விடாதே. உன் காவல் தூதரான சம்மனசு வழியிலும் வேலையிலும் உன்னோடு இருக்கட்டும், என் ஆசீரும் உன் அப்பாவின் ஆசீரும் உன் தலைமேல் இருக்கட்டும். டெஸ்மண்ட் தன் கையெழுத்தைப் போடுகிறேன் என்று கீழே ஒரு கோடு இழுத்திருக்கிறான், போன வருஷக் கடிதத்தில் இருந்ததோடு வைத்துப் பார்.

போன் செய்யாதே. நம் வீட்டுப் போன் மணி அடித்தால் பாப்பம்மா வேலியில் காதை வைக்கிறாள், நீ எண்ணெண்ணாகச் சொல்லி நான் திருப்பிச் சொன்னால் சாயங்காலத்துக்குள் பீடோங் முழுக்க வாங்கிவிடும். கடிதமாகப் பதில் எழுது.

உன் அம்மா,
நவமணி பெர்னார்ட்