கிணற்றடியில் கழுவிய பிலிம்

பெங்களூர்
9.8.93

சௌ. ஸாவித்ரிக்கு ஆசீர்வாதம்.

ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது நீ கொடுத்த, மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் பிலிம்களைச் சோதித்தேன். லேசர் பட்ட கோடு மட்டும் மின்சாரம் கடத்தாமல் போனால்தானே சர்க்யூட் வரைய முடியும்? உன் பிலிமில் எந்த இடமும் கடத்தவில்லை. நீலம் பாரித்துக் கிடக்கிறது. அக்கறையில்லாமல் செய்திருக்கிறாய். எங்கள் லேப் டைரக்டரிடமும் அப்படித்தான் சொன்னேன். ஆராய்ச்சிக் கட்டுரையிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டார். இங்கே உனக்குக் கேட்டிருந்த வேலையும் இனிச் சந்தேகம்தான்.

சம்பத்குமார்

ராஜபாளையம்
15.8.93

உங்களுக்கு, நமஸ்காரம் என்று எழுத இன்று கை வரவில்லை.

நீலம் என்று படித்ததுமே தெரிந்துவிட்டது. நான் காலேஜ் லேபில் செய்து கொடுத்தது பச்சை. சோப்புத் தண்ணீர் பட்டால்தான் நீலமாகும், கடத்தாமல் போகும். டப்பா மேலேயே 'கழுவக் கூடாது' என்று எழுதியிருந்தேன். நேற்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் போய், உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அய்யம்மாளிடம் கேட்டேன். "தம்பிதாம்மா கெணத்தடியில சோப்புப் போட்டுக் கழுவுனாக. நீங்க வீட்டு வெலக்கா இருக்கையில தொட்டதுன்னு பெரியம்மா உள்ள விடல" என்றாள்.

உங்கள் அம்மாவுக்குப் பிலிம் என்றால் என்னவென்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். கழுவியதும் நீங்கள், அக்கறையில்லாதவள் என்று என்னைச் சொன்னதும் நீங்கள். நடந்ததை நடந்தபடி டைரக்டருக்கு எழுதுங்கள்.

ச. ஸாவித்ரி

பெங்களூர்
21.8.93

அன்புள்ள ஸாவித்ரி,

கோபப்படாதே. "அலம்பாம உள்ளே எடுத்துண்டு வரப்படாது" என்று அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். வீடு நிறைய மனுஷாள். நான் என்ன செய்ய? லேசாகத்தான் கழுவினேன். தீட்டு என்று எழுதினால் லேபில் சிரிப்பார்கள். மழையில் நனைந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறேன். நீ வேறு பிலிம் செய்து அனுப்பு. பெயரை மறுபடி சேர்க்கச் சொல்கிறேன்.

உன் சம்பத்

ராஜபாளையம்
27.8.93

திரு. சம்பத்குமார் அவர்களுக்கு,

ஆடி மாதம் நம் ஊரில் எந்த மழை பெய்தது?

டைரக்டருக்கு நானே எழுதிவிட்டேன். கிணற்றடி, சோப்பு, வீட்டு விலக்கு என்று ஒன்றையும் விடவில்லை. அந்தப் பிலிம்களைத் தண்ணீர் கலந்த ஆசிடில் முக்கினால் மறுபடி பச்சையாகிக் கடத்தும், அவரே செய்து பார்க்கட்டும் என்றும் எழுதியிருக்கிறேன். சிரிப்பார்களோ என்று பயந்தீர்களே, நன்றாகச் சிரிக்கட்டும். உங்கள் மானத்துக்காக என் வேலையை நான் விட்டுக்கொடுக்க முடியாது.

வேலை கிடைத்தால் பெங்களூர் வருவேன். ஹாஸ்டலில் இடம் கேட்டிருக்கிறேன். கட்டுரையில் என் பெயரைச் சேர்த்தால் அப்பாவின் இனிஷியலோடு போடச் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்தில் வந்த உங்கள் எழுத்து எனக்கு இனி வேண்டாம்.

க. ஸாவித்ரி