பசுமைக் கூட்டாளி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முட்டி வலி அதன்பாட்டுக்கு இருக்கிறது. ஆறு வாரமாக நீ போன் எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருக்கிறேன் என்று எழுத்தில் மட்டும் பதில் வருகிறது. ஆறு வாரம் நடக்கிற மீட்டிங்கை நான் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

செய்தி உனக்குத் தெரியாமல் இருக்காது. உங்கள் ஜூஸ் கம்பெனி நம் கொட்டகைக்கு பாட்டில் அனுப்புவதை நிறுத்திவிட்டது. எட்டு வருஷம் காலி பாட்டில்களை வாங்கி, சுடுதண்ணீரில் ஊறவைத்து, லேபிளை உரித்து, மூன்று தண்ணீர் அலசி, வாய் விண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துத் திருப்பி அனுப்பினோம். ‘பசுமைக் கூட்டாளி’ என்று வாசல் கேட்டில் பலகை மாட்டியவர்களும் அவர்கள்தான். புது ஏப்ரன் கட்டிவிட்டு ஆண்டறிக்கைக்கு என்னைப் படம் எடுத்தவர்களும் அவர்கள்தான். ஒரு பாட்டிலுக்கு நாலு லிட்டர் தண்ணீர் ஆவதைப் பாதியாக்கச் சொன்னார்கள். கடைசி அலசல் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துவைத்து, மறுநாள் ஊறவைக்க எடுத்துக்கொண்டோம். பாதியாகவே ஆகிவிட்டது. அன்றைக்கு நீகூடப் போனில் துள்ளிக் குதித்தாய்.

இனிமேல் ஜூஸ் அட்டைப் பெட்டியில் வருமாம். பெட்டிகளைத் திரும்பச் சேகரிக்க ஒரு பெரிய நிறுவனத்தைப் புதுக் கூட்டாளியாகச் சேர்த்திருக்கிறார்களாம். கண்ணாடி கனம், ஏற்றி இறக்க லாரிப் புகை அதிகம் என்று கடிதத்தில் போட்டிருக்கிறார்கள். இருக்கலாம். அதை மறுத்துச் சொல்ல எனக்குப் படிப்பில்லை.

ஆனால் அந்தக் கடிதத்தின் தலைப்பில் உன் பிரிவின் பெயர் இருந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் மேற்கொண்டு படிக்க முடியவில்லை. எங்கள் ஒன்பது பேரில் மூத்தவள், நாம் ‘அதட்டல்’ என்று கூப்பிடுவோமே, அவள்தான் வாங்கி உரக்கப் படித்தாள். படித்து முடித்ததும், “உங்க பொண்ணு அங்கதானே இருக்கா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்று கேட்டாள். அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்றேன். அதற்குப் பிறகு யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். தரை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

நான் உன் அம்மா என்று உன் ஆபீஸில் யாருக்கும் தெரியக்கூடாது, சலுகை காட்டுகிறாய் என்று பேசுவார்கள் என்று சொல்லியிருந்தாய். நானும் வாயைத் திறக்கவில்லை. படம் எடுக்க வந்த பையன் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டபோதுகூடச் சிரித்து மழுப்பிவிட்டேன்.

ஒன்று மட்டும் வேடிக்கை. கொட்டகைச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசியே பழகிவிட்டேன். இப்போது கொட்டகை அமைதியாகிவிட்டது, என் தொண்டைக்கு அது தெரியவில்லை. மளிகைக் கடைக்காரர், “ஏம்மா கத்துறீங்க, நான் பக்கத்துலதானே நிக்கிறேன்?” என்கிறார். வீட்டில் கத்துவதற்கும் ஆள் இல்லை. நேற்று கதவு தட்டியது போல இருந்தது. இதோ வரேன் என்று நான் போட்ட சத்தத்தில் நானே பயந்துவிட்டேன். வாசலில் யாரும் இல்லை.

உன் வேலை முக்கியம். அதைப் பார்த்துக்கொள். இனி நான் தொந்தரவு செய்ய மாட்டேன்.

இப்படிக்கு,
அம்மா

*

என் கண்ணே,

போன வாரம் நான் போட்ட கடிதம் உன் கைக்கு வந்திருந்தால் கிழித்துப் போட்டுவிடு. படித்திருந்தால் மறந்துவிடு. மறக்க முடியாது என்று எனக்கே தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உங்கள் ஆபீஸிலிருந்து அந்தத் தண்ணீர் அம்மா வந்திருந்தார். மாதாமாதம் குப்பியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்ச் சோதிப்பாரே, அவர்தான். கேட்டில் இருக்கும் பலகையைக் கழற்றிக்கொண்டு போக வேண்டுமாம். திருகுகள் துருப்பிடித்து வரவில்லை. நான்தான் எண்ணெய் விட்டு, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். இறங்கியதும் உள்ளே உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தேன்.

டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “நீங்க அவங்க அம்மான்னு அன்னைக்குத்தாம்மா எங்களுக்கே தெரியும்” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார்.

பாட்டிலா பெட்டியா என்று முடிவு செய்ய உட்கார்ந்த அன்று நீ எழுந்து நின்று, “கழுவுற இடம் எங்க அம்மாவோடது. இதுல நான் கருத்து சொல்றது சரியா இருக்காது” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாயாமே. அதுவரை பாட்டிலுக்காகப் பேசிக்கொண்டிருந்த ஒரே ஆள் நீதானாம். நீ போன பிறகு கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டதாம். அவர் வெளியே வந்தபோது நீ மாடிப்படியில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயாம். என்ன ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லையாம்.

அவர் போன பிறகு நான் கொட்டகைக்குள் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படியில் நீ தனியாக உட்கார்ந்திருந்தபோது நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். கடைசி லோடு பாட்டில் கழுவிக்கொண்டிருந்திருப்பேன். உன்னைப் பற்றி யாரிடமாவது பெருமை பேசிக்கொண்டும் இருந்திருப்பேன்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். முதலில் வந்தது. எழுந்து போகாமல் உட்கார்ந்து பேசியிருந்தால் என்ன, அம்மாவுக்காகப் பேசுவது அப்படி என்ன குற்றம் என்று தோன்றியது. பிறகு யோசித்தேன். நீ பேசி நாங்கள் பிழைத்திருந்தால், என்றைக்காவது ஒருவன் அதைத் தோண்டி எடுத்து உன் முகத்தில் வீசியிருப்பான். எங்கள் எட்டு வருஷ உழைப்பும் உன் தயவாகப் போயிருக்கும். விண்ட பாட்டில் ஒன்றுகூட இந்தக் கொட்டகையை விட்டுப் போனதில்லை. அது தயவால் நடந்ததில்லை.

மறுநாள் எல்லோரையும் வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னேன். அதட்டல் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “சரி, அழுதது போதும், வேலையப் பாப்போம்” என்று எழுந்தாள். நான் அழவே இல்லை, அவள்தான் அழுதாள். அன்றைக்கே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பால் பண்ணைக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். அவர்கள் கண்ணாடி பாட்டிலில் பால் ஊற்றுகிறார்கள். வாரத்தில் மூன்று நாள் கழுவித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நாலு பேருக்குத்தான் வேலை. மற்ற ஐந்து பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது ஒவ்வொருத்தியும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

பலகை இருந்த இடத்தில் நாலு ஓட்டை இருக்கிறது. அடைக்க வேண்டும்.

நீ போன் எடுக்காததற்குக் காரணம் எனக்கு இப்போது புரிகிறது. என் குரலைக் கேட்க உனக்குப் பயம். நானும் இங்கே ஒருத்தி, நீயும் அங்கே ஒருத்தி. என்ன பேசுவது என்று தெரியவில்லை என்றால் பேச வேண்டாம். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள், அது போதும். நான் மெதுவாகப் பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு. அந்த அறையிலிருந்து நீ எழுந்து போனது சரிதான். என்னை விட்டும் அப்படி எழுந்து போய்விடாதே.

உன்,
அம்மா