ராகு காலம் முடியும்வரை என்னால் காத்திருக்க முடியாது

என்னங்க, நீங்க கோயில்லேர்ந்து வர்றதுக்குள்ள நான் துறைமுகத்துக்குக் கிளம்பிட்டேன். கப்பல்ல ஆள் ஏத்துறதை ஒன்றரைக்கே நிறுத்திடுவாங்க. ராகு காலம் முடியட்டும்னு பன்னண்டு மணிக்குப் படூர்லேர்ந்து கிளம்பினா, மூடின கேட்டைத்தான் பார்க்கலாம். முன்னாடியே போய் உக்காந்திருக்கறது எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல.

ஹாட்பாக்ஸ்ல இட்லி இருக்கு. சாவியை எதிர்வீட்டு ஆதியம்மாகிட்ட குடுத்துடுங்க.

உங்க ராகு காலத்தாலதான் எங்கப்பா முகத்தைக் கடைசியா பார்க்க முடியாமப் போச்சு. அன்னிக்கு நான் வாயே திறக்கல.

பிரபா

பி.கு: நல்ல நேரத்துலயே பெட்டி வாசல் தாண்டிட்டா பயணம் தொடங்கின மாதிரின்னு உங்கம்மா சொல்வாங்களே? பத்து மணிக்கே உங்க பெட்டியையும் கார்ல ஏத்திட்டேன். ஆதார் மட்டும் டிவி பக்கத்துல இருக்கு.

ஒண்ணு இருபத்தஞ்சு வரைக்கும் கேட்டுக்கு வெளியதான் நிப்பேன். அப்புறம் உங்க பெட்டியோட ஏறிடுவேன்.